அரக்கன் இல்லாத அவதாரம்

அவதாரம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் மனக்கண்முன் விரியும் காட்சி ஒன்றுண்டு. அறம் குன்றுகின்றது, மறம் ஓங்குகின்றது, அரக்கன் ஒருவன் தலையெடுத்து நல்லோரை வருத்துகின்றான். அப்பொழுது இறைவன் மேலிருந்து இறங்கி வந்து அவனை வதைத்து உலகைக் காக்கின்றான். வடமொழியிலே அச்சொல்லுக்குப் பொருளே இறங்கி வருதல் என்பதுதான். இரணியன் இல்லையேல் நரசிங்கம் ஏது? இராவணன் இல்லையேல் இராமன் வில்லெடுத்துத் தென்றிசை நோக்கி நடக்க வேண்டிய தேவைதான் ஏது? நாம் சிறுவயதிற் கேட்டுப் பழகிய அவதாரக் கதைகளிலே அரக்கன் இல்லாமற் கதை நடப்பதில்லை.

இவ்வாறு பழகிப்போன நெஞ்சத்தையுடைய என்னை, சென்ற பாடசாலை விடுமுறையிலே ஒரு கணினி விளையாட்டுத் திகைக்க வைத்தது. 1985-ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு அது. "அல்டிமா" என்னும் தொடர்க்கதையின் நான்காம் பாகம். அவதாரத்தைத் தேடிச் செல்லுதல் என்பதே அதற்கு இடப்பட்ட துணைப்பெயர். நமது சொல்லைத்தான் அந்த அமெரிக்கர் எடுத்து ஆண்டிருக்கின்றார். ஆயினும் அந்தக் கதையிலே அரக்கன் இல்லை. கொல்ல வேண்டிய பகைவன் ஒருவனும் இல்லை. பின்னர் என்னதான் இருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். அதைச் சொல்லுமுன், கல்லூரி ஆசிரியனாகிய நான், நாற்பது வயதைக் கடந்த பின்னர், இவ்விளையாட்டில் எவ்வாறு அகப்பட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதிலே எனக்குப் பெருமை தருவது ஒன்றுமில்லை. ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது.

வீட்டில் நடந்த வழக்கு

என் மூத்த மகனுக்குப் பதினைந்து வயது. தவணைப் பரீட்சையிலே கணிதத்தில் அவன் பெற்ற புள்ளிகள் எனக்கு மனக்குறையை அளித்தன. காரணம் யாது என்று நான் ஆராயவில்லை. அவன் மாலை வேளைகளிலே மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டிருந்தேன். அதுவே போதுமான சான்று என்று கொண்டேன். "இண்டைக்கு ஒரு மணித்தியாலந்தான் விளையாடினனான் அப்பா, மிச்ச நேரம் படிச்சனான்" என்று அவன் சொன்னபொழுது, அவனுடைய தங்கையின் முன்னிலையிலேயே அவனைப் பொய்யன் என்று கடிந்துகொண்டேன். கணினியை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை என் சட்டைப்பையில் இட்டுக்கொண்டேன்.

மூன்று நாட்கள் அவன் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், உணவு வேளையிலே, தலை நிமிராமல் ஒரு வார்த்தை சொன்னான்: "அப்பா, நீங்கள் ஒருநாளும் விளையாடிப் பார்க்கேல்லை. பார்க்காமலே பிழை எண்டு தீர்ப்புச் சொல்லுறியள்."

வகுப்பறையிலே நடுவு நிலைமை பற்றிப் பாடம் நடத்துகின்றவன் நான். இரு பக்கமும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்று ஆண்டுதோறும் மாணாக்கருக்கு உரைப்பவன். அவ்வார்த்தை என்னைச் சுட்டது. "சரி, நீயே ஒன்றைத் தெரிந்து தா, விடுமுறை முழுவதும் விளையாடிப் பார்த்த பின்னர் தீர்ப்புச் சொல்லுகின்றேன்" என்றேன். அவன் சற்று நேரம் சிந்தித்துத் தெரிந்து தந்ததே அல்டிமாவின் நான்காம் பாகம். 2011-ஆம் ஆண்டிலே அது இணையத்தின் வழியாக இலவசமாக வெளியிடப்பட்டதாம். என் பழைய கணினிக்கும் அது தாங்கக்கூடிய சிறிய விளையாட்டு. இவையே காரணம் என்று அவன் சொன்னான். வேறு காரணமும் அவன் உள்ளத்தில் இருந்திருக்கலாம் என்பது எனக்குப் பின்னர்தான் தோன்றிற்று.

பாத்திரமேற்று ஆடுதல்

இத்தகைய விளையாட்டுக்களைப் பாத்திரமேற்று ஆடுவன என்பர். நம்மூர்க் கூத்திலே ஒருவன் அருச்சுனனாக வேடமிட்டு ஆடுகின்றான் அல்லவா? அதுபோல விளையாடுபவன் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்கின்றான். வேறுபாடு யாதெனில், கூத்திலே அண்ணாவியார் எழுதிக் கொடுத்த ஏடு உண்டு; இங்கே ஏடு இல்லை. எத்திசையிற் செல்வது, எவரோடு பேசுவது, எவரோடு பொருவது என்பவற்றை ஆடுபவனே தீர்மானிக்கின்றான். 1974-ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் வெளியிட்ட மேசை விளையாட்டு ஒன்றே இவற்றுக்கெல்லாம் தாய். தாளும் எழுதுகோலும் தாயக்கட்டையும் கொண்டு நண்பர்கள் கூடியிருந்து ஆடிய அவ்விளையாட்டைக் கணினிக்குள்ளே கொண்டுவர முயன்ற இளைஞர் பலர். அவருள் ஒருவர் றிச்சார்ட் கரியட்.

கரியட் 1961-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிற் பிறந்து, அமெரிக்காவிலே ரெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் ஓவன் கரியட் விண்வெளி வீரர். 1973-ஆம் ஆண்டிலே ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் தங்கியிருந்தவர். மகனோ விண்ணுக்குச் செல்லுமுன் தாமே ஓர் உலகைப் படைத்துவிட்டார். 1981-ஆம் ஆண்டில் அல்டிமாவின் முதற் பாகமும், 1982-இல் இரண்டாம் பாகமும், 1983-இல் மூன்றாம் பாகமும் வெளிவந்தன.

அம்மூன்றின் கதையும் நமக்குப் பழக்கமான கதையே. முதற் பாகத்திலே மொண்டெயின் என்னும் கொடிய மந்திரவாதியைக் கொல்ல வேண்டும். இரண்டாம் பாகத்திலே அவனிடம் வித்தை பயின்ற மினக்ஸ் என்பவள் பழிவாங்க வருகின்றாள். அவளைக் கொல்ல வேண்டும். மூன்றாம் பாகத்திலே அவ்விருவருக்கும் வாரிசாகிய எக்சோடஸ் தோன்றுகின்றது; அதனையும் அழிக்க வேண்டும். நான்காம் பாகம் என்றவுடன் பேரன் ஒருவன் வருவான் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். தொடர்ச்சி என்றால் முன்னையதிலும் பெரிய அரக்கனும் முன்னையதிலும் கூரிய வாளுமே என்பது இன்றளவும் இவ்வணிகத்தின் வழக்கமாக இருக்கின்றது.

அவ்வழக்கத்தைக் கரியட் ஏன் உடைத்தார்? மூன்றாம் பாகத்தை அவரும் அவர் தமையனாரும் தந்தையாரும் 1983-இல் தொடங்கிய ஒறிஜின் என்னும் தம் சொந்த நிறுவனமே வெளியிட்டது. ஆகவே விளையாடியவர்கள் எழுதிய கடிதங்கள் நேரே அவர் கைக்கு வந்தன. அவற்றைப் படித்தபொழுது அவர் இரண்டு செய்திகளை அறிந்தார். உலகைக் காக்கும் வீரர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள், வழியிலே கடைகளைக் கொள்ளையிட்டனர். வேண்டியபோது ஊர் மக்களையும் கொன்றனர். அவ்வாறு செய்தலே விரைவில் வெல்லும் வழி என்று கண்டனர். இது முதலாவது. இத்தகைய விளையாட்டுக்கள் இளைஞரைக் கெடுக்கின்றன, பேய் வழிபாட்டுக்கு இழுக்கின்றன என்று அஞ்சியோரும் அவரைக் கண்டித்து எழுதினர். இது இரண்டாவது. அக்கண்டனம் நியாயமன்று என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆயினும் தம் விளையாட்டு எதனைப் பரிசளித்து எதனைக் கற்பித்தது என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். அக்கேள்விக்கு விடையாக எழுந்ததே நான்காம் பாகம்.

ஏழு கேள்விகள்

விளையாட்டைத் தொடங்கியவுடனே ஒரு நாடோடிப் பெண் நம்மைத் தன் வண்டிக்குள் அழைக்கின்றாள். முன்னே சீட்டுக்களைப் பரப்பி ஏழு கேள்விகள் கேட்கின்றாள். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு நற்குணங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எண்ணிப் பாராத பொற்பை ஒன்றை உரியவரிடம் சேர்ப்பிக்கச் செல்கின்றாய். வழியிலே ஏழை ஒருவன் கையேந்துகின்றான். முழுவதையும் அப்படியே சேர்ப்பிப்பாயா? ஒரு காசை எடுத்து அவனுக்கு ஈவாயா? வாய்மை ஒருபுறம், இரக்கம் ஒருபுறம். நன்மைக்கும் தீமைக்கும் இடையிலே தெரிதல் எளிது; நன்மைக்கும் நன்மைக்கும் இடையிலே தெரிதலே அரிது என்பதை இக்கேள்விகள் தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகின்றன.

அக்கதையுலகின் குணங்கள் எட்டு: வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு. இவ்வெட்டும் உண்மை, அன்பு, துணிவு என்னும் மூன்று தத்துவங்களிலிருந்து பிறக்கின்றன. உண்மையும் அன்பும் கூடினால் நீதி. அன்பும் துணிவும் கூடினால் தியாகம். துணிவும் உண்மையும் கூடினால் மானம். மூன்றும் ஒருங்கே கூடினால் ஆன்மிகம். மூன்றும் இல்லாத இடத்திலே செருக்குப் பிறக்கின்றது; அச்செருக்கின் எதிர்க்குணம் பணிவு. இம்மூன்று தத்துவங்களை அமைத்தபோது "ஓஸ் மந்திரவாதி" என்னும் சிறுவர் கதையையும் தாம் கருத்திற் கொண்டதாகக் கரியட் சொல்லியிருக்கின்றார். மூளை வேண்டிய வைக்கோற் பொம்மையும், இதயம் வேண்டிய தகர மனிதனும், துணிவு வேண்டிய சிங்கமும் அக்கதையில் வருவதைப் பிள்ளைகள் அறிவர். அவதாரம் என்னும் கருத்தையோ அவர் நம் சமயத்திலிருந்து பெற்றார். திருக்குறளைக் கற்ற மாணாக்கர் இப்பட்டியலைக் கண்டால் வாய்மை, அருளுடைமை, நடுவு நிலைமை, அடக்கமுடைமை என்னும் அதிகாரங்கள் நினைவுக்கு வந்து மகிழ்வர்.

அந்த நாடோடிப் பெண்ணின் கேள்விகளுக்கு நான் எவ்வாறு விடையளித்தேன்? ஆசிரியன் ஆயிற்றே! பணிவு வந்த இடத்திலெல்லாம் பணிவையே தெரிந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த மகன் காணட்டும் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. பணிவை விரும்பியவன் இடையனாகவே பிறக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. ஆகவே மஜின்சியா என்னும் தீவிலே, எட்டு வகைப் பாத்திரங்களிலும் வலுக்குறைந்த இடையனாக நான் இறக்கி விடப்பட்டேன். அவ்வூர் செருக்கினால் அழிந்து, இப்பொழுது ஆவிகள் உலாவும் பாழூர். பெருமைக்காகப் பணிவைத் தெரிந்தவனுக்கு ஏற்ற இடந்தான்.

கண்பார்வை இல்லாத கடைக்காரி

அல்டிமாவின் படங்கள் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு நகைப்பையே தரும். மரமும் மலையும் கடலும் சிறுசிறு கட்டங்களாக, பாய் முடைந்தாற்போல் இருக்கின்றன. ஊர்களிலே நடமாடும் மாந்தரோடு பேசவேண்டுமாயின், பெயர், தொழில் என்றிவ்வாறு ஒவ்வொரு சொல்லாகத் தட்டெழுதிக் கேட்க வேண்டும். ஒருவர் சொன்ன குறிப்பைக் கொப்பியிலே எழுதிவைத்து, இன்னோரூரில் இன்னொருவரிடம் அதைப் பற்றி வினவ வேண்டும். வானிலே இரண்டு நிலவுகள். அவற்றின் வளர்பிறை தேய்பிறைக் கணக்கின்படி தோன்றி மறையும் ஒளிவாயில்களுக்குள் நுழைந்து ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டும். நான் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதையும் தொடங்கினேன். மகன் சிரித்துக்கொண்டே பென்சில் கூராக்கித் தந்தான். எங்களிடையே பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிற்று.

மந்திரம் செய்வதற்கு மூலிகைகள் வேண்டும். உள்ளியும் ஜின்செங் வேரும் சிலந்தி நூலும் பிறவும் விற்கும் கடைகள் சில உண்டு. அக்கடைகளை நடத்தும் பெண்களுக்குக் கண்பார்வை இல்லை. என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டு, இவ்வளவு பொன் என்று விலை சொல்லுகின்றாள். சொன்ன பிறகு, எவ்வளவு தருகின்றாய் என்று நம்மையே கேட்கின்றாள். தொகையை நாமே எழுத வேண்டும். குறைத்து எழுதினாலும் அவள் அறியமாட்டாள், பொருளைக் கொடுத்துவிடுவாள்.

நான் வலுவற்ற இடையன். கையிலே பொன் குறைவு. மூலிகையோ மிகவும் வேண்டியிருந்தது. ஒருநாள் இரவு, வீட்டார் உறங்கிய பின்னர், அறுபது பொன் கொடுக்க வேண்டிய இடத்திலே ஆறு என்று எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. இடி இடிக்கவில்லை, காவலர் ஓடிவரவில்லை, புள்ளி குறைந்தது என்று திரையிலே ஒரு சொல்லும் தோன்றவில்லை. மறுமுறையும் அவ்வாறே செய்தேன். பின்னர் அது வழக்கமாயிற்று. விளையாட்டுத்தானே, பொம்மைப் பெண்தானே, உண்மையில் எவருக்கும் நட்டமில்லையே என்று என் மனமே எனக்கு வழக்கறிஞராக நின்று வாதாடிற்று. பொருளும் சேர்ந்தது. நல்ல வாள் ஒன்று வாங்கினேன். துணைவர் சிலரையும் சேர்த்துக்கொண்டேன். நான் முன்னேறுவதாகவே எண்ணினேன்.

அரசனுடைய கோட்டையிலே ஹோக்விண்ட் என்னும் ஞானி ஒருவர் இருக்கின்றார். எந்தக் குணத்தைப் பற்றிக் கேட்டாலும், அதிலே நம் நிலை யாது என்பதை அவர் ஒளிக்காமற் சொல்லுவார். ஒரு மாலைப் பொழுதில், மகனும் மகளும் பக்கத்தில் இருக்க, நான் அவரை அணுகினேன். "முதலில் வாய்மையைக் கேளுங்கோ அப்பா" என்றாள் மகள். கேட்டேன்.

திருடன் என்றும் கயவன் என்றும் அந்த ஞானி என்னை வைதார். இப்படிப்பட்டவன் ஒருநாளும் அவதார நிலையை எய்த முடியாது என்றார்.

மகள் கலகலவென்று நகைத்தாள். மகன் நகைக்கவில்லை. அவன் இவ்விளையாட்டை முன்பே ஆடியவன். எந்தக் கடையிலே நான் தவறியிருப்பேன் என்பதை உடனே அறிந்துகொண்டான். "அந்தக் கடைக்கார மனுசிக்குக் கண் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே அப்பா" என்று மெதுவாகக் கேட்டான், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வைத்து வாய்மை அதிகாரத்தை விளக்கியிருந்தேன்.

மறைந்திருக்கும் கணக்கு

இந்த விளையாட்டின் நுட்பம் யாது என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெளிவாயிற்று. கணக்கு இருக்கின்றது, ஆனால் அது காட்டப்படுவதில்லை. பிச்சைக்காரனுக்குக் கொடுத்தால் இரக்கம் வளர்கின்றது. வைத்திய சாலையிலே இரத்ததானம் செய்தால், நம் உடல்வலு குன்றினாலும், தியாகம் வளர்கின்றது. கொடிய பகைவரிடமிருந்து புறமுதுகிட்டு ஓடினால் வீரம் குறைகின்றது. ஆயின் பசியினால் மட்டும் தாக்கவரும் எளிய விலங்கு ஓடும்போது அதை விட்டுவிடுதலே இரக்கமும் நீதியும் ஆகும். ஊருக்குள் இருக்கும் பிறர் பெட்டியைத் திறந்தால் வாய்மையும் நீதியும் மானமும் ஒருங்கே தேய்கின்றன. எவரேனும் நம் பெருமையைக் கிளறி வினவும்போது தற்புகழ்ச்சி பேசினால் பணிவு போய்விடுகின்றது. ஒரு குணம் நிறைவுற்ற பின்னர் அதற்குரிய கோயிலை அடைந்து, உரிய மந்திரத்தை நினைந்து, மூன்று சுற்றுத் தியானம் செய்தால் அவதார நிலையின் எட்டில் ஒரு பங்கு கிட்டும். கிட்டியதும் நிலையானதன்று. மீண்டும் தவறினால் அந்தப் பங்கு பறிபோகும்.

நமது புராணங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே குறிப்பிடுதல் தகும். நம் மரபிலே அவதாரம் என்பது மேலிருந்து கீழே இறங்குதல். கரியட்டின் கதையிலோ மனிதன் கீழிருந்து மேலே ஏறுகின்றான். ஆகவே அவர் எடுத்த சொல் சற்றே இடம் மாறிவிட்டது. வேடராயும் குயவராயும் வண்ணாராயும் பிறந்து தத்தம் தொழிலினூடே உயர்ந்த நம் நாயன்மாரின் வரலாறே அக்கதைக்கு மேலும் பொருத்தமாகும். பிற்காலத்திலே கணினித் திரையில் ஒருவரைக் குறிக்கும் உருவத்துக்கெல்லாம் அவதாரம் என்ற பெயர் பரவிற்று. இன்று ஒரு படத்தை ஒட்டிவிட்டால் அவதாரம் ஆகிவிடலாம். 1985-இலே அச்சொல்லுக்கு விலை அதிகமாக இருந்தது.

ஞானியின் சொல்லுக்குப் பின்னர் நான் திருந்தினேனா? திருந்தினேன் என்று சொல்லவே விருப்பம். கேட்ட விலையை முழுதாகக் கொடுத்தேன். பிச்சைக்காரரைத் தேடித் தேடிக் கொடுத்தேன். சில நாட்களிலே எனக்கே ஓர் ஐயம் எழுந்தது. ஒரு பொன் கொடுத்தாலும் நூறு பொன் கொடுத்தாலும் இரக்கத்தின் கணக்கு ஒன்றே என்பதை மகன் சொல்லி அறிந்தபின், நான் ஒவ்வொரு பொன்னாகவே கொடுக்கத் தொடங்கியிருந்தேன். அந்த ஏழை உண்டானா என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கணக்கு நிரம்பியதா என்பதே கவலை. புள்ளிக்காகப் படிக்கும் மாணாக்கனை நான் எத்தனை முறை கண்டித்திருப்பேன்! புள்ளிக்காக ஈகின்றவன் அவனிலும் எவ்வாறு உயர்ந்தவன்?

இது விளையாட்டின் குறையே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கணினி செயலை எண்ணவல்லது, நெஞ்சை எண்ணவல்லதன்று. ஆயினும் செயலையேனும் எண்ணிக் காட்டியபோதுதானே என் நெஞ்சை நான் பார்த்தேன்?

தொடர்ச்சி என்பது யாது?

இக்குறையை அதன் ஆசிரியரும் உணர்ந்திருந்தார் போலும். 1988-இல் வெளிவந்த ஐந்தாம் பாகத்திலே நல்லரசன் காணாமற் போகின்றான்; அவன் இடத்திலே ஆளவந்த பிளாக்தோர்ன் என்பவன், அதே எட்டுக் குணங்களையும் சட்டமாக்குகின்றான். பொய் சொன்னால் நாவை அறுப்பதும், வருவாயிற் பாதியை ஈயாதவனிடமிருந்து முழுவதையும் பறிப்பதும் அவனுடைய நீதி. முன்னைய பாகத்திலே நாம் விரும்பித் தேடிய அறமே இங்கே மக்களை நடுங்கவைக்கும் கோலாகின்றது. பிறரை அச்சுறுத்தி நல்லவராக்க முயல்கின்ற எல்லாருக்கும், வீட்டிலே அலுமாரித் திறப்பைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் தந்தையருக்கும், அதிலே ஒரு பாடம் உண்டு.

1990-இல் வந்த ஆறாம் பாகம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. கொம்பும் சிறகும் உடைய கார்கொயில் என்னும் உயிர்கள் நாட்டைத் தாக்குகின்றன. பேய்கள் என்றே நாமும் எண்ணுகின்றோம். சென்று பார்த்தால், அவர்களும் ஒரு மக்கள். அவர்களுக்கும் மொழி உண்டு, குடும்பம் உண்டு, தமக்கே உரிய குணங்களும் தத்துவங்களும் உண்டு. நான்காம் பாகத்தின் முடிவிலே நாம் பெரும் பேறாகத் தேடிக் கண்ட ஞான நூல் முன்னர் அவர்களிடம் இருந்ததாம். அது நம்மவர் கைக்கு வந்ததன் பின் நேர்ந்தவற்றால் அவர்களுடைய உலகமே அழிந்துகொண்டிருக்கின்றது. அவர்களுடைய ஏடுகளிலே நாம் அவதாரமல்ல, பொய்த் தீர்க்கதரிசி. இறுதியிலே அந்நூல் ஒரு சாராரின் கையிலும் இல்லாமல், இரு சாராரும் காணக்கூடியவாறு வெட்டவெளிக்கு அனுப்பப்படுகின்றது, போரும் ஓய்கின்றது.

தொடர்ச்சி என்பது இவ்வாறன்றோ இருத்தல் வேண்டும்! முதல் மூன்றும் பகைவனைக் கொல் என்றன. நான்காவது, நீ எப்படிப்பட்டவன் என்று கேட்டது. ஐந்தாவது, உன் அறத்தைப் பிறர்மேற் சுமத்தாதே என்றது. ஆறாவது, உன் நன்மையால் எவர் துன்புற்றார் என்று திரும்பிப் பார்க்கச் சொன்னது. முன்னர்ச் செய்ததைப் பெரிதாக்குதல் தொடர்ச்சியாகாது. முன்னர்ச் செய்ததைத் திருத்துதலே தொடர்ச்சி. மனித வாழ்வுக்கும் இது பொருந்தும். மகன் தந்தையின் தொடர்ச்சி என்பர். தந்தையைப் போலவே இருத்தல் மட்டும் அதற்குப் பொருளாகாது.

தீர்ப்பு

விடுமுறை முடிய இரண்டு நாட்கள் இருக்கையிலே பாதாள வழியின் அடியை அடைந்தேன். அங்கே எட்டுக் குணங்களையும் மூன்று தத்துவங்களையும் கேட்கின்றார்கள். வாளினால் வெல்ல வேண்டிய இறுதிப் பகைவன் இல்லை. விடை சொல்ல வேண்டிய கேள்விகளே உண்டு. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், வெற்றி முழக்கம் ஒன்றும் இல்லாமல், இத்தேடல் வாழ்நாள் முழுவதும் முடிவுறாத தேடல் என்று உணர்த்திவிட்டு, நம்மை நம் உலகுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றது அவ்விளையாட்டு. 1980-களிலே இதனை ஆடிய அமெரிக்கச் சிறுவருக்கு அது சப்பென்றிருந்ததோ என்னவோ! எனக்கு, என் வீட்டு முன்மண்டபத்துக் கதிரையிலேயே திரும்பி வந்து அமர்ந்தாற்போல இருந்தது.

அன்றிரவு மகனை அழைத்தேன். "தம்பி, அண்டைக்கு உன்னைப் பொய்யன் எண்டு சொன்னது என்ரை பிழை. விசாரிக்காமல் சொல்லிப்போட்டன்" என்றேன். தங்கையின் முன்னிலையிற் கடிந்தவன் நான். ஆகவே தங்கையின் முன்னிலையிலேயே அதனைச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அப்பா, கணக்கிலை எனக்கு அட்சரகணிதந்தான் விளங்கேல்லை. உங்களிட்டைக் கேட்கப் பயமா இருந்தது" என்றான். புள்ளிகள் குறைந்த காரணம் அதுவே. கணினி அன்று, நான்.

அலுமாரித் திறப்பை இப்பொழுது ஆணியிலே எல்லாரும் எடுக்கக்கூடியவாறு மாட்டியிருக்கின்றேன். மாலையிலே ஒரு மணித்தியாலம் அட்சரகணிதம்; அதன் பின்னர் ஒரு மணித்தியாலம் விளையாட்டு. விளையாட்டெல்லாம் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. வெறும் கொலையையும் பொருட்சேர்க்கையையும் பரிசளிப்பன பல உண்டு. நேரத்தை விழுங்குவன அவற்றினும் பல. பெற்றார் அறிந்துகொள்ள வேண்டுமாயின், பிள்ளையின் பக்கத்திலே ஒரு கதிரையை இட்டு அமர்ந்து, இது எதனைப் பரிசளிக்கின்றது என்று பார்ப்பதே வழி. எங்கிருந்தோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லுதல் வழியன்று.

ஐந்தாம் பாகத்தை வரும் விடுமுறைக்கென்று வைத்திருக்கின்றோம். அதிலே மகன் தெரிவு செய்ய, நான் குறிப்பெடுப்பதாக உடன்பாடு. மூலிகைக் கடைக்கு மட்டும் என்னைத் தனியே அனுப்பமாட்டானாம். அதுவும் நியாயந்தான்.